நூல் போகும் இடைவெளி

இன்று காலை பால் பொங்குவதற்குள் விடை வந்துவிட்டது. நீயும் நானும் ஒரு கோடை முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டோமே, அதே கணக்கின் விடை. அடுப்பில் வைத்த பால் இன்னும் ஆடை கட்டவில்லை, அதற்குள் அந்தப் பெண் "மிதக்குது மேடம்" என்று சொல்லிவிட்டாள். எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு அழுகை வந்தது, கடைசியில் பாலும் பொங்கி வழிந்தது.

மாடியில் குடியிருக்கும் பெண்ணைச் சொல்கிறேன். ஏனாத்தூரில் மேற்படிப்பு படிக்கிறாள். நீ போன பிறகு குடி வந்தவள், அதனால் உனக்குத் தெரியாது. உறைமோர் கேட்டுக் கீழே வந்தவள், கூடத்து அலமாரியில் நம் பொருளைப் பார்த்துவிட்டாள். மேலே ஒலிபெருக்கிக் காந்தம், கீழே ஒன்றன்மேல் ஒன்றாக, கொஞ்சம் இடைவெளி விட்டு இரண்டு பிஸ்மத் உலோக வட்டுகள், அவற்றின் நடுவே எதையும் தொடாமல் அந்தரத்தில் நிற்கிற மிளகளவு காந்தம். குனிந்து பார்த்தாள், நிமிர்ந்து பார்த்தாள், பின்னால் கைவிட்டுத் துழாவினாள்.

"பேட்டரி எங்க மேடம் வச்சிருக்கீங்க?"

"பேட்டரி இல்லைம்மா."

"அப்போ கரண்ட்டு?"

"அதுவும் இல்லை."

"எவ்ளோ நாளா இப்படி நிக்குது?"

"உங்க அம்மா பிறக்கிறதுக்கு முன்னாலிருந்து."

கிழவி கதை அளக்கிறாள் என்று நினைத்திருப்பாள். மாடிக்கு ஓடிப்போய் ஸ்கேலும் லேப்டாப்புமாக வந்தாள். காந்தம் எவ்வளவு, வட்டு எவ்வளவு, நடுவில் எவ்வளவு என்று அளந்து திரையில் படம் போட்டாள். ஒரு பொத்தானைத் தட்டியதும் அந்தப் படம் முழுக்க முக்கோணங்கள் வந்து அப்பிக்கொண்டன. காந்தத்துக்குப் பக்கத்தில் கசகசா மாதிரிப் பொடிப்பொடியாக, தள்ளிப்போகப் போகப் பெரிது பெரிதாக. நீ பென்சிலால் போட்ட அதே முக்கோணங்கள்.

"ஏம்மா, இந்தப் புள்ளிக்கெல்லாம் நம்பர் எந்தப் பக்கத்திலிருந்து போடும்?" என்று கேட்டேன்.

"அதுவே போட்டுக்கும் மேடம். நாம பாக்கவே வேணாம்."

அப்போதுதான் சிரித்தேன். பாவம், பயந்துவிட்டாள். இந்தக் கேள்வி உன்னுடைய வாழ்க்கையையே ஒரு காலத்தில் கவிழ்க்கப் பார்த்தது என்று அவளிடம் எங்கிருந்து ஆரம்பித்துச் சொல்ல? சொன்னால் புரிகிற ஆள் நீ ஒருத்திதான். அதனால் அவள் மாடிக்குப் போனதும் உனக்கு எழுத உட்கார்ந்தேன்.

எழுபதுகளின் தொடக்கம் அது. நாம் இரண்டு பேரும் ஒரே கல்லூரியில் இயற்பியல் டியூட்டர்கள். நான் தாமலுக்கு அப்பால் ஒரு ஜைனக் குடியானவன் வீட்டுப் பெண், டவுனில் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். நீ பிள்ளையார்பாளையத்துத் தறிக்காரர் மகள். புழுவைக் கொதிநீரில் போட்டு எடுக்கிற நூல் என்று எங்கள் வீட்டில் பட்டு கட்டமாட்டார்கள். உங்கள் வீட்டிலோ பட்டுதான் சோறு. இந்த இரண்டு பேருக்கும் எப்படி ஒட்டியது என்று ஆசிரியர் அறையில் கேட்பார்கள். எனக்கு மூக்குமேல் கோபம் வரும். நீதான், "ஒட்டலிங்க, கொஞ்சம் எடம் உட்டுத்தான் நிக்கறோம்" என்று சொல்லி அவர்கள் வாயை அடைப்பாய்.

நூலகத்துக்கு வந்த ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையில்தான் நீ அதைப் படித்தாய். இரண்டு பிஸ்மத் துண்டுகளுக்கு நடுவே ஒரு சின்னக் காந்தம், கயிறும் இல்லாமல் மின்சாரமும் இல்லாமல் மிதக்கும் என்று. அன்றைக்கு முழுவதும் உனக்குச் சோறு இறங்கவில்லை. இரும்பை இழுப்பது காந்தத்தின் பகட்டான குணம், குழந்தைக்கும் தெரியும். ஆனால் பிஸ்மத், கிராஃபைட், தண்ணீர், மரக்கட்டை இவையெல்லாம் காந்தத்தைக் கண்டால் மிக மிக லேசாக விலகும், தாமும் அதைத் தள்ளும். டயா காந்தப் பொருள்கள் என்று நாமே கரும்பலகையில் எழுதிப்போட்டுக் கடந்து போவோம். இரண்டு மதிப்பெண் கேள்வி அது. அந்த இரண்டு மதிப்பெண்ணில் ஒரு பொருளை அந்தரத்தில் நிறுத்தலாம் என்பது உன்னைப் பிடித்து ஆட்டிவிட்டது.

அப்போது எனக்கே விளங்காமல் கேட்டேன், "அவ்வளவு லேசான தள்ளல் எப்படிடி ஒரு காந்தத்தைத் தூக்கும்?"

"அது தூக்கலடி. தூக்கறதுக்கு மேல ஒரு பெரிய காந்தம் கீதே. அது தூக்கும், ஆனா நிறுத்தாது. மயிரிழை கிட்ட போனா மேல இழுத்துக்கும், மயிரிழை எட்டப் போனா கீழ உட்டுடும். பிஸ்மத்து ரெண்டு பக்கமும் நின்னுக்கினு, மேல போவாதே, கீழ போவாதேன்னு சொல்லும். தூக்கத்தான் பலம் வேணும். நிறுத்தி வெக்க கொஞ்சூண்டு தள்ளல் போதும்."

நான் பிறகு எத்தனையோ வகுப்புகளில் இதைச் சொல்லியிருக்கிறேன். இவ்வளவு சுருக்கமாக எனக்கு ஒருநாளும் வந்ததில்லை.

நீ சென்னையில் ஆராய்ச்சிக்கு இடம் கேட்டு எழுதினாய். அங்கே இருந்த பேராசிரியர் நல்லவர், ஆனால் கறார். கையால் தட்டுத்தடுமாறி எதையாவது மிதக்க விடுவது வித்தை, ஆராய்ச்சி இல்லை என்றார். மிதக்குமா, எந்த இடத்தில் மிதக்கும், எவ்வளவு இடைவெளி கிடைக்கும் என்று முதலில் கணக்கில் காட்டு. அங்கே புதிதாகப் பெரிய கம்ப்யூட்டர் வந்திருந்தது. அதில் ஓட்டித் தருகிறேன் என்றார். இருந்தது ஒரே இடம். இன்னும் சிலர் கேட்டிருந்தார்கள். ஆனி மாதத்தில் தேர்வுக் குழு கூடும், அதற்குள் கணக்கு வரவேண்டும். வந்தால் இடம் உனக்கு, வராவிட்டால் அடுத்தவருக்கு. இதுதான் விஷயம்.

நான் முந்தின வருடம் ஒரு கோடை வகுப்பில் ஃபோர்ட்ரான் என்கிற கம்ப்யூட்டர் மொழி கற்றுக்கொண்டு வந்து எல்லோரிடமும் அலட்டிக்கொண்டிருந்தேன். மாட்டிக்கொண்டேன். படம் உன் பொறுப்பு, புரோகிராம் என் பொறுப்பு என்று பிரித்துக்கொண்டோம்.

காந்தத்தைச் சுற்றியுள்ள வெளி முழுவதையும் ஒரே மூச்சில் கணக்குப் போட யாராலும் ஆகாது. அதனால் அந்த வெளியைச் சின்னச் சின்ன முக்கோணங்களாக வெட்டிக்கொள்வது. ஒரு முக்கோணத்துக்குள் காந்தப்புலம் சீராக மாறுகிறது என்று வைத்துக்கொள்வது. மூலைப் புள்ளிகளுக்கு நம்பர் கொடுத்து, எந்த மூன்று நம்பர் சேர்ந்தால் ஒரு முக்கோணம் என்று பட்டியல் போடுவது. மிச்சத்தை கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும். சொல்வதற்கு இவ்வளவுதான். செய்வதற்குத்தான் ஒரு கோடை.

உன் அண்ணன் புடவைக் கரைக்கு டிசைன் போடுகிற கட்டத்தாள் ஒன்றை எடுத்து வந்தாய். பொடிக் கட்டம் போட்ட பெரிய தாள். அதன் ஒரு மூலையில் சிவப்பு மையால் பாதி அன்னம் வரைந்திருந்தது. "நல்ல தாளை எடுத்தா அண்ணன் திட்டும். பாதி அன்னம் நம்ம காந்தத்த ஒண்ணும் பண்ணாது" என்றாய். கட்டங்களைக் குறுக்கே கோடு போட்டு முக்கோணம் ஆக்கினாய், புள்ளிக்குப் புள்ளி நம்பர் எழுதினாய், ஒவ்வொன்றும் எந்த இடத்தில் இருக்கிறது என்று அளந்து அட்டவணை போட்டாய். ஆய்வக மேசைக்கு அந்தப் பக்கம் நீ, இந்தப் பக்கம் நான். பொழுது மேற்கே சாயத் தொடங்கினால் உன் பென்சில் தானாக நிற்கும். இருட்டிய பிறகு நான் சாப்பிடமாட்டேன் என்று உனக்குத் தெரியும். "எழுந்திருடி, சூரியன் உனக்காகக் காத்துக்கினு கீது" என்பாய். டிபன் டப்பாவில் வெங்காயம் போடாத ஏதாவது ஒன்று எனக்கென்று இருக்கும். என் அம்மாகூட இத்தனை கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டதில்லை.

சென்னையில் நம் தாள்களைப் பார்த்து அட்டைகளில் துளை போட்டார்கள். முதல் ஓட்டம் ஓடியது. மிதக்கவில்லை. மிதக்கவில்லை என்றால் கொஞ்சநஞ்சமாகவா? பிஸ்மத் தள்ளுவதற்குப் பதில் இழுத்தது. ஓரிடத்தில் மேலே, இன்னோரிடத்தில் கீழே, தலைகால் புரியாத எண்கள். பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "வர்ற வெள்ளிக்கிழமை கமிட்டி. அதற்கு முன்னால் ஒரு ஓட்டம்தான் தரமுடியும். பாருங்கள்" என்றார். அதற்குமேல் அவர் ஒரு வார்த்தை கடிந்து சொல்லவில்லை, அதுதான் எனக்கு இன்னும் வலித்தது.

திரும்பி வந்த பஸ் உனக்கு நினைவிருக்கும். அட்டைக் கட்டு உன் மடியில். நடத்துநர் நம் ஊர்க்காரர், குனிந்து பார்த்தார்.

"இன்னாமா இது, தறிக்குப் பூ போடற ஜக்கார்டு அட்டையா? இம்மாத்துண்டு கீது?"

"இது கணக்கு அட்டைங்க" என்றேன் நான்.

"எதுவானா இருக்கட்டும், கயிறு போட்டு கோத்து வெச்சிக்கமா. ஒண்ணு எடம் மாறிச்சின்னா பூவே மாறிப்பூடும்."

மற்ற நாளாக இருந்தால் நீ அவரோடு சுங்குவார்சத்திரம் வரைக்கும் வாயடித்திருப்பாய். அன்றைக்கு ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாய். உன் முகத்தில் சிரிப்பில்லாமல் நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"எடம் கிடைக்கலன்னா ஒண்ணும் குடி முழுவிடாது" என்றாய். "டியூட்டராவே இருந்துட்டுப் போறேன். ஆனா இது நெசம்னு எனக்குத் தெரியும்டி. என் கையால அது பொய்யின்னு ஆவக்கூடாது."

நான் சொன்னேன், எனக்கு மறைக்கத் தெரியாது. "எனக்கு நீ சென்னைக்குப் போகவும் கூடாது, தோற்கவும் கூடாது."

"ரெண்டும் ஒண்ணா நடக்காதுடி. ஏதாவது ஒண்ணக் கேளு."

"தோற்கக்கூடாது."

"அப்ப நீ உங்க தீர்த்தங்கரர்கிட்ட கேளு, நான் எங்க ஏகாம்பரர்கிட்ட கேக்கறேன். ரெண்டு பேரும் கலந்து பேசிக்கட்டும்" என்றாய். பாதிச் சிரிப்பு திரும்ப வந்தது. என் கை உன் கையைப் பிடித்துக்கொண்டது, டவுன் வரும்வரை விடவில்லை.

அடுத்து வந்த ஞாயிறு காலை, தாள்களை எடுத்துக்கொண்டு உங்கள் வீட்டுக்கு வந்தேன். தெருவை அடைத்துத் தறிக்கான பாவு நூலை நீட்டியிருந்தார்கள். உன் அண்ணன் வெளியே பாவோடு நின்றிருந்தார். உள்ளே கூடத்தில் தறி போக மீதி இடத்தில் உன் அண்ணி நூல் காய வைத்திருந்தார். உட்கார இடமில்லை. "தறியிலயே குந்துங்க, அவரு இப்ப வரமாட்டாரு" என்றார் அண்ணி. தறிப் பலகையில் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, தறிக் குழிக்குள் கால்களைத் தொங்கவிட்டு, மடியில் தாளை விரித்தோம். பாதி அன்னம் என் முழங்கால் மேல் இருந்தது.

நான் நம்பரைப் படிப்பது, நீ படத்தில் விரல் வைப்பது என்று ஆரம்பித்தோம். முதல் வரிசை ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரைக்கும் ஒழுங்காகப் போயிற்று. "பதிமூன்று" என்றேன். என் கண் இரண்டாம் வரிசையின் இடது ஓரத்துக்குப் போனது. உன் விரல் வலது ஓரத்தில் இருந்தது.

"பதிமூணு இங்கடி" என்றேன், இடப்பக்கம் தட்டி.

"இங்க எப்டி வரும்? பன்னெண்டு இந்தாண்ட முடிஞ்சிது. பதிமூணு அதுக்குக் கீழதான?"

"எந்த ஊரில்டி அப்படி எண்ணுவார்கள்? ஒரு வரி முடிந்தால் மறுபடி இடது பக்கம் வந்துதானே அடுத்த வரி?"

நீ என்னை ஏற இறங்கப் பார்த்தாய். உண்மையிலேயே புரியாத பார்வை அது. "இந்தக் கோடிக்கு வந்துட்டு, சும்மா அந்தக் கோடிக்குப் போயி மறுபடி ஆரம்பிக்கறதா? நாடா வெறுங்கையோட திரும்புமாடி?"

சொல்லி முடித்துவிட்டு நீயே வாயைப் பொத்திக்கொண்டாய். நான் அலறியே விட்டேன். அண்ணி கரண்டியும் கையுமாக ஓடி வந்தார், யாருக்கோ தறிக்கட்டை காலில் விழுந்துவிட்டது என்று.

தறியில் குறுக்கு நூலைக் கொண்டுபோகிற நாடா இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கம் போகும்போது ஓர் இழை, வலப்பக்கத்திலிருந்து திரும்பும்போது இன்னோர் இழை. பிறந்ததிலிருந்து அந்தச் சத்தத்தில் வளர்ந்தவள் நீ. வரிசை என்றால் உனக்குப் போய்த் திரும்புவது. பள்ளிக்கூடத்துச் சிலேட்டில் வளர்ந்தவள் நான், எனக்கு ஒவ்வொரு வரியும் இடப்பக்கம்தான் தொடங்கும். ஒன்றாம் புள்ளிக்கு நேர்கீழே பதிமூன்று என்று நினைத்து நான் பட்டியல் போட்டிருந்தேன். உன் தாளில் அங்கே இருந்தது இருபத்துநான்கு. இடது கோடியை வலது கோடியோடு முடிச்சுப் போட்டு, பாவு மொத்தத்தையும் சிக்காக்கி கம்ப்யூட்டரிடம் கொடுத்திருந்தோம். அது என்ன செய்யும் பாவம்? கோடை முழுக்க எதிரும் புதிருமாக உட்கார்ந்ததில் உன் வலது எனக்கு இடது. வரிசை எந்தப் பக்கம் தொடங்குகிறது என்று நீயும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்கவேண்டிய விஷயம் அது என்றே இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

"நான் எல்லா நம்பரையும் அழிச்சிட்டு உன் மாதிரி போட்டுடறேன்" என்று ரப்பரை எடுத்தாய்.

நான் பிடுங்கிக்கொண்டேன். நீ எழுதியதில் ஒரு எண்கூடத் தப்பில்லை. நாடா போய்த் திரும்பட்டும், அதற்கேற்ப முடிச்சுப் போடுவது என் வேலை என்று சொன்னேன். ஒற்றை வரிசைக்கு ஒரு விதி, இரட்டை வரிசைக்கு ஒரு விதி என்று புரோகிராமை மாற்றி எழுதினேன். மாலை சாய்ந்துகொண்டிருந்தது. அண்ணி வெயில் இருக்கும்போதே தட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "அந்தப் பொண்ணு சாப்பிடட்டும், அப்பறம் காந்தத்த கட்டிக்கினு அழுங்க" என்றார்.

இரண்டாம் ஓட்டத்துக்கு நீ தனியாகத்தான் போனாய், எனக்குத் தேர்வு மேற்பார்வை. சாயங்காலம் பஸ் நிலையத்தில் காத்திருந்தேன். எந்த பஸ் என்று தெரியாது, வந்த எல்லா பஸ்ஸுக்கும் எழுந்து எழுந்து நின்றேன். வந்து இறங்கினாய். காகிதச் சுருள் அக்குளில் இருந்தது. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் என் மூக்குக்கு நேரே நீட்டி, நடுவில் ஒரு கீற்று வெளிச்சம் தெரிகிற அளவுக்கு விலக்கிக் காட்டினாய். அவ்வளவு இடைவெளியில் மிதக்கும். அவ்வளவு இடைவெளியில் உனக்கு இடம் கிடைத்துவிட்டது. நான் அத்தனை பேர் நடுவில் ஓவென்று அழுதேன். சந்தோஷத்தில் பாதி, நீ போய்விடுவாய் என்பதில் பாதி. நீயும் எந்தப் பாதி என்று கேட்கவில்லை.

போவதற்கு முன்னால் கையாலும் செய்து பார்த்துவிடவேண்டும் என்று அடம்பிடித்தாய். ஆய்வகத்தில் கிடந்த பிஸ்மத் கட்டிகளை அண்ணியின் இரும்புக் கரண்டியில் போட்டு ஸ்டவ்வில் உருக்கினோம். "இன்னாது இது, வெள்ளிப் பாயசமா?" என்று கேட்டாரே அண்ணி, அந்தக் கரண்டியை அப்புறம் சமையலுக்குத் தொடவே இல்லை அவர். மைக்செட் கடையில் வீணாய்ப்போன ஒலிபெருக்கியிலிருந்து பெரிய காந்தம் கிடைத்தது. மிளகளவு காந்தம் பேராசிரியர் கொடுத்தது. தறி செய்கிற ஆசாரி ஒரு மரச் சட்டம் செய்து பித்தளைத் திருகு வைத்துக் கொடுத்தார். நீ திருகைத் திருப்பினாய், நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தேன். சின்னக் காந்தம் கீழ் வட்டில் படுத்திருந்தது, லேசாக அசைந்தது, பிறகு எழுந்து நின்றது. நிற்கிறதா, ஒட்டிக்கொண்டிருக்கிறதா? கண்ணுக்குத் தெரியவில்லை.

"நூல் உட்டுப் பாக்கலாம்" என்றாய். உங்கள் வீட்டில் பட்டு நூலுக்கா பஞ்சம்? கைக்கெட்டும் தூரத்தில் கண்டு கண்டாகக் கிடந்தது. உன் கை அதன் பக்கம் போனது, என்னைப் பார்த்தது, நின்றது. "உனக்குப் பட்டு ஆவாதே" என்று சொல்லிவிட்டு, நீ கட்டியிருந்த பருத்திப் புடவையின் முந்தானை ஓரத்திலிருந்து ஓர் இழையை உருவினாய். அதைக் காந்தத்துக்கும் மேல் வட்டுக்கும் நடுவே இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் விட்டாய். போயிற்று. திரும்பும்போது காந்தத்துக்கும் கீழ் வட்டுக்கும் நடுவே விட்டாய். அதுவும் வந்தது.

"நூல் போவுதுடி!" என்று நீ கத்திய கத்தலில் தெருவில் பாவுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

என் கண்ணுக்கு அந்தக் காந்தம் மிதந்தது பெரிதாகத் தெரியவில்லை. உலகமே மறந்து போகவேண்டிய அந்த நேரத்தில், எனக்கு எது ஆகாது என்று உன் கைக்கு நினைவிருந்தது. அதைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சட்டத்தை என்னிடமே விட்டுவிட்டுப் போனாய். எனக்கு அன்றைக்குக் கோபம். "உன் பொருளை நீயே எடுத்துக்கிட்டுப் போ. போகிறவளுக்கு என்ன இங்கே" என்று கடுகடுத்தேன்.

"அங்க எனக்கு இதைவிடப் பெருசா செஞ்சி தருவாங்க. இது உன்கிட்ட மிதக்கட்டும். போனா வரமாட்டனா? நாடா வெறுங்கையோட திரும்புமாடி?"

சொன்ன சொல் தவறவில்லை நீ. முதல் தடவை திரும்பியபோது உன் கையில் ஒரு புடவை இருந்தது. உன் அண்ணன் பட்டுத் தறியில் எனக்கென்று பருத்தி ஏற்றி, கோர்வைக் கரை வைத்து நெய்தது. "ஊரே சிரிக்குது, பட்டுத் தறியில பஞ்சு ஓட்றேன்னு" என்று அவர் புலம்பினாராம். கரையில் அன்னம் ஓடியது. அந்தத் தாளில் பாதியில் நின்றதே, அது முழுசாகிக் கரை நெடுக நடந்தது. பிறகு நீ டாக்டரானாய், எங்கெங்கோ வேலை பார்த்தாய், ஒவ்வொரு தடவையும் எதையாவது கொண்டுவந்தாய். ஒருமுறை நல்ல ஸ்க்ரூடிரைவர், ஒருமுறை வெங்காயமில்லாத முறுக்கு, ஒருமுறை உன் மாணவி ஒருத்தி. வீட்டுக்குள் நுழைந்ததும் என்னை எப்படி இருக்கிறாய் என்று கேட்கமாட்டாய். நேரே அலமாரிக்குப் போய் நூல் விடுவாய். நூல் போனால், நான் நன்றாகத்தான் இருக்கிறேன் என்று உனக்கு அர்த்தம்.

அதைப் பார்த்துக்கொள்வது சும்மா இல்லை என்று உனக்குத் தெரியும். சித்திரை வெயிலில் மேலே இருக்கும் காந்தம் சோர்ந்துபோகும், திருகைத் துளி இறக்கவேண்டும். மார்கழியில் தெம்பு வந்துவிடும், துளி ஏற்றவேண்டும். வருடம் முழுக்க அதன் மனசறிந்து நடந்தேன்.

போன வருடம் ஆஸ்பத்திரியில் உன்னைப் பார்க்க வந்தேன். ஸ்கேன் எடுத்துவிட்டுக் கொண்டுவந்து படுக்க வைத்திருந்தார்கள். கன்னம் ஒட்டிப்போயிருந்தது, கண்ணில் மட்டும் பழைய குறும்பு.

"எவ்ளோ பெரிய காந்தம் தெரியுமாடி? அதுக்குள்ள படுக்க வெச்சாங்க. ஒடம்பு முக்காவாசி தண்ணிதான? நானும் அதைக் கொஞ்சூண்டு தள்ளியிருப்பேன். அங்க ஒருத்தருக்கும் தெரியல."

"எனக்குத் தெரியும்" என்றேன். உன் கையைப் பிடித்துக்கொண்டேன். நீதான் சாயங்காலம் ஆனதும் கையை விடுவித்துக்கொண்டு, "போடி, இருட்டறதுக்குள்ள ஏதாவது சாப்பிடு" என்றாய். நீ என்னிடம் கடைசியாகச் சொன்னது அதுதான்.

உன் அண்ணன் மகன் போன் பண்ணிச் சொன்னபோது நான் உட்காரவில்லை, அலமாரிக்குப் போனேன். விழுந்திருக்கும் என்று நினைத்தேன். படித்த படிப்பெல்லாம் அந்த நிமிடம் எங்கே போனதோ. அது பாட்டுக்கு நின்றுகொண்டிருந்தது. எனக்கு அதன்மேல் ஆத்திரமாக வந்தது, இதற்கு என்ன நெஞ்சழுத்தம் என்று. அன்றைக்கு நூல் விட்டுப் பார்க்க மனம் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. இத்தனை மாதமாகத் தொடவே இல்லை. இந்தச் சித்திரையில் திருகைக்கூட நான் தொடவில்லை, கண்ணுக்கு மிதக்கிற மாதிரிதான் இருந்தது, ஆனால் கண்ணை நம்பக்கூடாது என்று நீதானே சொல்லியிருக்கிறாய்.

இன்று காலை பொங்கிய பாலைத் துடைத்த பிறகு அந்தப் பெண் விடாமல் கேட்டாள். "கம்ப்யூட்டர் மிதக்குதுன்னு சொல்லுது மேடம். ஆனா நெஜமாவே தொடாம நிக்குதா? எப்படித் தெரியும்?"

உள்ளே போய் அன்னக் கரைப் புடவையை எடுத்தேன். நைந்துபோயிருக்கிறது, ஆனாலும் உடுத்துகிறேன். முந்தானை ஓரத்திலிருந்து ஓர் இழையை உருவி அவள் கையில் கொடுத்து, "விட்டுப் பார்" என்று மட்டும் சொன்னேன். எனக்குப் பார்க்கத் துணிச்சலில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கலாமா என்றுகூட இருந்தது.

அவள் குனிந்து, மேல் இடைவெளியில் இடப்பக்கமிருந்து வலப்பக்கம் விட்டாள். போயிற்று. அந்தப் பக்கம் நூலை வாங்கியவள் கையைத் தூக்கி மறுபடி இடப்பக்கம் வரவில்லை. அந்தக் கோடியிலிருந்தே திருப்பி, கீழ் இடைவெளியில் நுழைத்து, வலப்பக்கமிருந்து இடப்பக்கம் கொண்டுவந்தாள். அவளுக்கு இதை யாரும் சொல்லித் தரவில்லை.

நூல் போவுதுடி.